விளங்காமைச் சான்றிதழ்

ஓர் ஆய்வேடு எவ்வளவு ஆழமானது என்று அளந்து சொல்வதற்கு உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் எவையும் இதுவரை ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் அதைக் கண்டுபிடித்து, நடைமுறைப்படுத்தி, முத்திரையும் செய்வித்து வைத்திருந்தது. இந்தக் கதைக்கென்றே கட்டப்பட்ட பல்கலைக்கழகம் அது. ஆகவே எந்தச் சந்தியில் இறங்கவேண்டும் என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை.

சங்கதி இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தர உறுதிப்பாட்டு அலகு, நவீன இலக்கியக் கோட்பாட்டுத் துறைக்கு ஒரு கடிதம் அனுப்பியது. "தங்கள் துறையில் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள் ஆழமானவை எனத் தாங்கள் தொடர்ந்து கூறிவருகின்றீர்கள். மேற்படி ஆழத்தை அளவிடுவதற்குத் தங்களிடமுள்ள பொறிமுறை யாது?" என்று அதில் கேட்டிருந்தது. துறைத் தலைவர் பேராசிரியர் குகநேசன் அவசரக் கூட்டம் கூட்டினார். கடிக்கப் பற்றிசும் குடிக்கப் பிளேன்ரீயும் வந்தன. பற்றிஸ் முடிகிற நேரம் பார்த்துப் பேராசிரியர் வாய் திறந்தார்.

"ஒரு கிணத்தை எடுங்கோ. அடி தெரிஞ்சால் அது ஆழமில்லாத கிணறு. அடி தெரியாட்டில் ஆழமான கிணறு. ஆய்வேடும் அப்பிடித்தான். விளங்கினால் ஆழமில்லை. விளங்காட்டில் ஆழம்."

"தண்ணி கலங்கிக் கிடந்தாலும் அடி தெரியாதே, சேர்," என்றார் ஒரு புது விரிவுரையாளர். அந்த வருடம் அவருடைய பதவி நிரந்தரமாக்கப்படவில்லை என்பது வேறு விடயம்.

சுற்றறிக்கை வந்தது. "இத்தால் சகல இறுதியாண்டு மாணவர்களுக்கும் அறியத்தரப்படுவது யாதெனில், ஒவ்வொரு ஆய்வேட்டிலிருந்தும் எழுந்தமானமாகத் தெரிவுசெய்யப்படும் பந்திகள் சராசரி வாசகர் ஒருவரின் முன்னிலையில் உரத்து வாசிக்கப்படல் வேண்டும். மேற்படி வாசகருக்கு அவை விளங்காதவிடத்து, அதனை உறுதிப்படுத்தும் விளங்காமைச் சான்றிதழ் வழங்கப்படும். சான்றிதழ் இணைக்கப்படாத ஆய்வேடுகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா."

சராசரி வாசகராகத் துறை அலுவலகத்தின் முகாமைத்துவ உதவியாளர் உதயகலா நியமிக்கப்பட்டார். அவர் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவர். எனவே இலக்கியத்தால் எந்தப் பாதிப்புக்கும் உள்ளாகாதவர் என்று கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது. அவருக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, "விளங்கவில்லை" என்று பொறித்த ஒரு முத்திரை ஆகியன வழங்கப்பட்டன. முதல் வருடம் எல்லாம் சுமுகமாக நடந்தது. மாணவர் முதலாவது வசனத்தின் பாதிக்கு வரமுன்னமே உதயகலா கொட்டாவி விட்டு முத்திரையைக் குத்திவிடுவார். எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் அவருக்குத் தின்ன றோல்சும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாருஜா அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றது சான்றிதழ் தொடங்கிய மூன்றாம் வருடம். அதற்குள் ஒரு விபரீதம் நடந்துவிட்டிருந்தது. அதை அவள் அறியாள்.

சாருஜாவின் ஊர் மருதனார்மடம். தாய் பத்மாவதி தோட்டம் செய்து, சந்தையில் வெங்காயமும் பீற்றூட்டும் விற்று அவளைப் படிப்பித்தவர். கோட்பாட்டுத் துறையை அவள் விரும்பித் தெரிவுசெய்தாள் என்று சொல்லமுடியாது; பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. ஆனால் போன பிறகு அவளுக்கு ஒரு ஆசை பிறந்தது. எல்லோரும் நாவலையும் கவிதையையும் எடுத்து ஆராய்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் நாளாந்தம் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிற இலக்கியம் மரண அறிவித்தல்தானே, அதை ஆராய்ந்தால் என்ன என்று நினைத்தாள். பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகப் புரட்டி, உண்மையாகவே யோசித்து, உண்மையாகவே எழுதினாள். அவளுடைய முதலாவது வசனம் இது:

"யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட அவருடைய பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் வாழ்கிறார்கள் என்பதைத்தான் அறிவித்தல் விரிவாகச் சொல்கிறது."

பேராசிரியர் குகநேசன்தான் அவளுடைய மேற்பார்வையாளர். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அந்த வசனத்தை வாசித்தார்.

"விளங்குது," என்றார்.

"நன்றி, சேர்."

"அதைத்தான் சொல்லுறன் பிள்ளை. விளங்குது. இப்ப என்ன செய்யிறது?"

பேராசிரியர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதருமல்ல. நோயாளியின் சொந்தக்காரரிடம் பக்குவமாகச் சொல்கிற டொக்டரின் குரலில் அவர் எடுத்துச் சொன்னார்.

"நீர் கெட்டிக்காரி. விசயம் இருக்கு. ஆனால் விசயம் வெளியிலை தெரியுது. நீர் கோட்பாட்டை உள்ளுக்கை விடேல்லை. போய் விட்டுக்கொண்டு வாரும். திங்கட்கிழமை நாலு மணிக்கு முதல் சான்றிதழோடை குடுக்காட்டில், அடுத்த வருசத்து ஆக்களோடைதான் உம்மடை பெறுபேறு வரும். அது எனக்கும் கவலை."

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. பெறுபேறு ஒரு வருடம் பிந்தினால் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த நியமனத்தை நம்பித்தான் பத்மாவதி இந்த முறை வெங்காயம் நடும்போதே, "இதுதான் நான் குனிஞ்சு நடுற கடைசி வெங்காயம்" என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவள் வீட்டுக்கு வந்து, கோட்பாட்டுப் புத்தகங்களைச் சுற்றிவர அடுக்கி வைத்துக்கொண்டு, அந்த வசனத்தை உருட்டிப் பிசைந்தாள். "மரணித்த தன்னிலையின் இருப்பு, புலம்பெயர் வெளிகளின் படிநிலைப்பட்ட பட்டியலாக்கத்தினூடாக இடப்பெயர்வு செய்யப்படுகிறது" என்று அது உருமாறியது. எழுதி முடித்துவிட்டுத் தானே வாசித்துப் பார்த்தாள். தலை சுற்றியது. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு, றோல்சும் வாங்கிக்கொண்டு உதயகலாவிடம் போனாள்.

உதயகலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அதாவது, செத்த மனிசனை ஒரு பக்கத்திலை விட்டிட்டு, பிள்ளையள் கனடாவிலையும் லண்டனிலையும் நிக்கிறதைப் பெருமையாய்ச் சொல்லுறது. அதைத்தானே சொல்லுறீர்?"

சாருஜா திகைத்துப்போனாள். "எப்பிடியக்கா விளங்கினது?"

"ரண்டு வருசமாய் உந்தக் கதையைத்தானே பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறன். விளங்காமல் என்ன செய்யும்? இப்ப நான் பஸ்ஸிலை போகேக்கையும் கொண்டக்டரின்ரை பேச்சிலை அதிகாரப் படிநிலை எங்கை நிக்குது எண்டுதான் பாக்கிறன்." றோல்ஸை எடுத்துப் பக்குவமாகக் கடித்தார். "குறை நினையாதையும். விளங்கினதை விளங்கேல்லை எண்டு முத்திரை குத்த என்ரை மனச்சாட்சி விடாது. இன்னும் கொஞ்சம் இறுக்கி எழுதிக்கொண்டு வாரும்."

சாருஜா இறுக்கினாள். ஒரு வசனத்தை ஒரு பக்கத்துக்கு நீட்டினாள். எழுவாயையும் பயனிலையையும் ஒன்றையொன்று காணமுடியாத தூரத்தில் வைத்தாள். உதயகலா கேட்டுவிட்டு, "அமைப்பியலிலை தொடங்கிப் பின்னமைப்பியலிலை முடிச்சிருக்கிறீர். நடுவிலை ஒரு பாலத்தையும் காணேல்லை," என்று திருத்தமும் சொல்லி அனுப்பினார். மூன்றாம் முறை, பந்தி முடியமுன்னமே, "ஓம் ஓம், மிச்சத்தை நானே சொல்லுறன்," என்று சொல்லியும் காட்டினார்.

சாருஜாவுக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. அந்த ஆண்டு ஒருவருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை. நிலைமை பாரதூரமானது என்று கண்ட பேராசிரியர், உதயகலாவைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றி, வேறொரு சராசரி வாசகரைத் தரும்படி பதிவாளருக்கு எழுதினார். பதிவாளர் பதில் எழுதினார். "ஊழியர் ஒருவருக்கு விடயம் விளங்குகின்றது என்பதனைக் காரணமாகக் காட்டி அவருக்கு இடமாற்றம் வழங்குவதற்குத் தாபன விதிக்கோவையில் ஏற்பாடு எதுவும் இல்லை. இதற்கு முன்னர் அவ்வாறானதொரு நிலைமை எழுந்ததாகவும் அறியக்கிடைக்கவில்லை."

இப்படியே கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்று காலை சாருஜா பத்திரிகையைப் பிரித்தபோது, இலக்கியப் பக்கத்தின் நடுவில், கட்டம் கட்டி, ஒரு சிறு கட்டுரை கிடந்தது. பக்கத்தில் வேட்டி சால்வையோடு சிரித்தபடி ஒரு முதியவரின் படம். கட்டுரை இதுதான்:

"நடராசா என்னும் பிரதி. தெல்லிப்பழை என்னும் வெளியில் எழுதப்பட்டு, ஒன்பது தசாப்தங்களுக்கு மேலாக இடையறாது வாசிக்கப்பட்டு வந்த நடராசா என்னும் பிரதி, வியாழன் அதிகாலை தனது அர்த்த உற்பத்தியை இடைநிறுத்திக்கொண்டது. தந்தை, மாமன், பாட்டன் முதலிய அதிகார நிலைகள் யாவும் இத்தால் கேள்விக்குட்படுத்தப்படுகின்றன. ஞாயிறு முற்பகல், இப்பிரதியின் பருண்மை, நெருப்பு என்னும் பிறிதொரு பிரதியினுள் ஊடுபிரதித்தன்மை எய்தும். வாசகர் யாவரும் தத்தம் அர்த்தங்களோடு வருக. குகநேசன்."

பேராசிரியரின் புதிய கட்டுரை! சாருஜா சிவப்புப் பேனையை எடுத்து, "அர்த்த உற்பத்தியை இடைநிறுத்திக்கொண்டது" என்பதன் கீழே கோடு போட்டாள். "ஊடுபிரதித்தன்மை எய்தும்" என்பதற்கு இரண்டு கோடு போட்டாள். இரண்டையும் தன் ஆய்வேட்டின் முடிவுரையில் மேற்கோளாகச் சேர்த்தால் உதயகலாவால்கூடத் தாண்டமுடியாது என்று கணக்குப் போட்டாள். நடராசா யாரோ பிறநாட்டு நாவலில் வருகிற பாத்திரமாக இருக்கவேண்டும், பேராசிரியர் பெயரைத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

அப்போது கைபேசி அடித்தது. உதயகலா.

"எங்கை பிள்ளை நிக்கிறீர்? நான் சேர் வீட்டை நிக்கிறன். ஒருத்தரையும் காணேல்லை."

"ஏனக்கா, என்ன விசேசம்?"

"விசேசமோ? சேரின்ரை அப்பா எல்லோ மோசம் போட்டார். பேப்பரிலை போட்டிருக்கே, பாக்கேல்லையே?"

சாருஜா பேனையைக் கீழே வைத்தாள். முகம் சூடாகிவிட்டது. ஒரு மனிதரின் சாவுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறோமே என்று அவளுக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. மரண அறிவித்தல்களை வருடக்கணக்காக ஆராய்ந்தவள் அவள். ஒரு மரண அறிவித்தலைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் தெல்லிப்பழைக்கு ஏறினாள்.

செத்தவீட்டில் பந்தல் இருந்தது. வாடகைக் கதிரைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஆட்கள் இல்லை. பக்கத்து வீட்டார் நாலைந்து பேரும், உதயகலாவும்தான். நடராசா ஓய்வுபெற்ற தபாலதிபர். அச்சுவேலி, கோப்பாய், சாவகச்சேரி என்று அவர் வேலை செய்யாத இடம் குறைவு. போன இடமெல்லாம் சனம் சேர்த்த மனிதர். தொண்ணூறு தாண்டி, புதன்கிழமை இரவு இடியப்பமும் சொதியும் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவர் விடிய எழும்பவில்லை. குறைசொல்ல முடியாத சாவு. வந்து பார்க்கத்தான் ஆளில்லை.

"ஒருத்தருக்கும் போன் எடுக்கவேண்டாம், பிரதி தானாய்க் கதைக்கும் எண்டு சேர் சொல்லிப்போட்டாராம்," என்று உதயகலா காதுக்குள் சொன்னார். "பேப்பர்க்காரங்கள் அதை மரண அறிவித்தல் பக்கத்திலை போடுறதோ, இலக்கியப் பக்கத்திலை போடுறதோ எண்டு கனநேரம் யோசிச்சிருக்கினம் போலை."

பேராசிரியர் தலைமாட்டில் ஒரு கதிரையில் இருந்தார். அவருடைய கைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்து, கேட்டு, "நன்றி" என்று சொல்லி வைத்தார்.

"ஆர் சேர்?" என்று சாருஜா மெல்லக் கேட்டாள்.

"என்னோடை படிச்ச ஒராள். பேப்பர் பாத்தவராம். அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லட்டாம்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படலைக்கு வெளியே ஒரு ஓட்டோ வந்து நின்றது. சனசமூக நிலையத் தலைவரும் இன்னும் இருவரும் சிரித்தமுகத்தோடு இறங்கினார்கள். ஒருவரின் கையில் ரோசாப்பூ மாலை. தலைவரின் கையில் மடிப்புக் குலையாத பொன்னாடை. நடராசா ஐயாவின் படத்தைப் பத்திரிகையில் பார்த்ததும், அவருக்கு ஏதோ பெரிய விருது கிடைத்துவிட்டது, மற்ற ஊர்க்காரன் முந்திவிடக்கூடாது என்று அவசர அவசரமாகப் புறப்பட்டு வந்திருந்தார்கள். பந்தலுக்குள் கால் வைத்தபிறகுதான் நடுவில் இருந்த பெட்டியைக் கண்டார்கள்.

தலைவர் முப்பது வருடம் பொதுவாழ்வில் இருந்தவர். ஒரு கணம்தான் தடுமாறினார். முகத்திலிருந்த சிரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டு, நேரே நடந்துபோய்ப் பொன்னாடையை விரித்து நடராசா ஐயாவின்மேல் போர்த்தினார். மாலை எப்படியும் பொருந்திவிட்டது. "இதைச் செய்யத்தான் வந்தனாங்கள்," என்று சபைக்குச் சொன்னார். சபையில் முன்னர் சொன்ன நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

"நீங்கள் பேப்பரிலை வாசிச்சனீங்களோ?" என்று பேராசிரியர் எழுந்து கேட்டார். குரலில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

"வாசிக்காமல்? அருமையான எழுத்து. நல்ல ஆழம்," என்றார் தலைவர். "ஆர் மோசம் போனது எண்டதைத்தான் அதிலை சரியாய்ப் பிடிக்கேலாமல் போச்சுது."

பேராசிரியர் திரும்பக் கதிரையில் இருந்தார். கனடாவிலிருந்து அவருடைய அக்கா சிவகௌரி காணொளியில் வந்தார். அழுது அழுது அவருடைய முகம் வீங்கியிருந்தது; என்றாலும் அறிவித்தலைப் பற்றிக் கேட்க மறக்கவில்லை. "ஏன்ரா தம்பி, என்ரை பேர் எங்கை? மருமக்களின்ரை பேர் எங்கை? உன்ரை அத்தான் இஞ்சை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கிறார். அப்பாவின்ரை பேருக்குப் பக்கத்திலை செத்துப்போனார் எண்டு ஒரு சொல்லுப் போட உனக்கு என்ன வந்தது?"

கைபேசியை வைத்துவிட்டுப் பேராசிரியர் வெறுங்கதிரைகளைப் பார்த்தார். பிறகு சாருஜாவைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"அப்பா செத்துப்போனார் பிள்ளை," என்றார். "ஒருத்தரும் வரேல்லை."

நாலு வருடத்தில் பேராசிரியர் சொன்ன வசனங்களில் சாருஜாவுக்குக் கேட்டவுடன் விளங்கி மனதையும் தொட்டவை அந்த இரண்டும்தான். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"நான் ஒண்டு எழுதித் தரட்டோ சேர்?" என்று கேட்டாள்.

மரண அறிவித்தல் எழுதுவதற்கு யாழ்ப்பாணத்தில் அன்றைக்கு அவளைவிடத் தகுதியான ஆள் இருந்திருக்க முடியாது. யார் பெயருக்குப் பின் யார் பெயர் வரவேண்டும், காலஞ்சென்றவர்களை எங்கே வைக்கவேண்டும், கோபத்தில் இருக்கிற மருமகனை எந்த வரியில் ஏற்றினால் கோபம் தணியும் எல்லாம் அவளுக்குக் கரதலப் பாடம். பந்தலிலேயே இருந்து எழுதினாள். "தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற தபாலதிபர் நடராசா அவர்கள் வியாழக்கிழமை காலமானார்" என்று தொடங்கி, அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அன்பு மாமனாரும் எல்லாம் வரிசை பிசகாமல் வந்து, "அன்னாரின் இறுதிக்கிரியைகள் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அன்னாரது இல்லத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடிந்தது.

பேராசிரியர் வாசித்தார். "விளங்குது," என்று மட்டும் சொன்னார். இந்த முறை அவருக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை.

பின்னேரம் வானொலியில் போனது. இணையத்தில் போனது. சனிக்கிழமை பத்திரிகையில் உரிய பக்கத்தில் வந்தது. சனம் திரண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கதிரை போதாமல் கோயிலில் இருந்து பாய் எடுத்து வந்தார்கள். ஊரடங்கு நாளில் கடிதத்தைச் சைக்கிளில் கொண்டுவந்து தந்த தபாலதிபர் என்று சொல்லிச் சொல்லி ஆட்கள் அழுதார்கள். பேராசிரியர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். எந்த மகனுக்கும் கிடைக்கவேண்டிய அந்த ஆறுதல் அவருக்கும் கிடைத்தது. சாருஜாவுக்கு மனம் நிறைந்திருந்தது. மறுநாள் திங்கட்கிழமை என்பது மட்டும்தான் உறுத்தியது.

பந்தலின் ஒரு மூலையில் உதயகலா சனிக்கிழமைப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கியபடி இருந்தார்.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வாரும். முதல் வந்த அறிவித்தல் எனக்கு வாசிச்ச உடனை விளங்கினது. இதுதான் பிடிபடேல்லை. 'பாசமிகு தந்தை' எண்டு கிடக்கு. பாசத்தை மிகைப்படுத்தி எதை மறைக்கினம்? 'அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' எண்டால், ஏற்காத குரலுகளுக்கு இதிலை என்ன இடம்? இவ்வளவு நேராய் எழுதியிருந்தால் உள்ளுக்கை ஏதோ பெரிசாய்க் கிடக்கு எண்டு அர்த்தம். மூண்டு தரம் வாசிச்சிட்டன். விளங்கேல்லை."

சாருஜா நேரே வீட்டுக்குப் போய், தான் இறுக்கி எழுதிய பிரதிகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, பேராசிரியர் திருப்பியனுப்பிய அந்த முதலாவது பிரதியைத் தேடி எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை உதயகலாவின் மேசைக்கு முன்னால் நின்று, யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் என்று தொடங்கி வாசித்தாள். உதயகலாவின் முகம் மாறியது.

"திருப்பி வாசியும்."

வாசித்தாள்.

"'ஒருவர் இறந்தால்.' எந்த ஒருவர்? ஏன் 'ஆல்' எண்டு நிபந்தனை போட்டிருக்கிறீர்?"

"சும்மா எழுதினது அக்கா."

"சும்மா எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. அதை எனக்குச் சொல்லாதையும்." இன்னொரு பக்கத்தைப் புரட்டித் தானே வாசித்தார். தலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் உண்மையான மரியாதையோடு சாருஜாவைப் பார்த்தார். "சத்தியமாய் விளங்கேல்லை. இந்த வருசத்திலை முதல் ஆள் நீர்தான்," என்று சொல்லி, முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்துக் குத்தினார்.

மேற்பார்வையாளரின் கையொப்பத்துக்காகச் சாருஜா மத்தியானம் தெல்லிப்பழைக்குப் போனாள். பேராசிரியர் தாடி வளர்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். நடந்து முடிந்த எல்லாவற்றுக்கும் பிறகு அவரிடம் ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. "சேர், இது நான் முதன்முதல் உங்களிட்டைத் தந்ததுதான்," என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முன்பக்கத்திலிருந்த முத்திரையைக் கண்டுவிட்டார்.

"உதயகலாவுக்கே விளங்கேல்லையோ?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாவது வசனத்தை வாசித்தார். கண்ணை மூடி யோசித்தார். திரும்ப வாசித்தார். "ம்... எனக்கும் முழுக்கப் பிடிபடேல்லை. முதல் தந்தது மாதிரி இல்லை. இப்ப கோட்பாடு உள்ளுக்கை இறங்கியிருக்கு."

மணி மூன்றாகிக்கொண்டிருந்தது. சாருஜா எடுத்த வாயை மூடிக்கொண்டு கையொப்பத்தை வாங்கிக்கொண்டாள். ஆய்வேடு நாலு மணிக்கு முன் ஒப்படைக்கப்பட்டது. பெறுபேறு வந்தது, முதல் வகுப்பு. நியமனமும் வந்தது. பத்மாவதி சொன்னபடி வெங்காயம் நடுவதை நிறுத்திக்கொண்டார்.

இங்கே கதையை நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த மாதம் பத்மாவதியின் தமக்கைக்கு ஓராண்டு நினைவு வந்தது. வீட்டிலேயே பட்டதாரி இருக்கும்போது நினைவஞ்சலி எழுத வெளியே ஆள் பிடிப்பார்களா? சாருஜாவிடம் பொறுப்பு வந்தது. பெரியம்மா அவளைத் தூக்கி வளர்த்தவர். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

"பெரியம்மா, நீங்கள் போய் ஒரு வருடம். மழை பெய்தால் இன்னும் உங்கள் கூழ் மணக்கிறது. நாங்கள் சண்டை பிடித்தால் பிரித்துவிட ஒருவருமில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் நாங்கள் மெதுவாகத்தான் கதைக்கிறோம்."

பத்மாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, சரியில்லையே?"

"இதை எழுதவோ பிள்ளை நாலு வருசம் கம்பசுக்குப் போனனி? இது எனக்கே விளங்குதெடி! பேராசிரியர் தகப்பனுக்குப் போட்ட மாதிரி ஒண்டு போடாமல், உப்பிடிப் போட்டால் சந்தையிலை சனம் என்னைப் பாத்து என்ன நினைக்கும்? பெட்டை படிச்சுக் கிழிச்சது இவ்வளவுதானோ எண்டு கேக்காதே?"

சாருஜா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தாயின் கண்ணில் நீர் முட்டியதைக் கண்டதும் விட்டுவிட்டாள். மேசையில் இருந்து, "இன்மையின் ஓராண்டுச் சுழற்சியில், தாய்மை என்னும் பெருங்கதையாடலின் சிதறுண்ட எச்சங்களாக..." என்று தொடங்கினாள். பேனை தங்குதடையின்றி ஓடியது. பத்மாவதி அதை இரண்டு தரம் வாசித்தார். "ஒரு சொல்லும் விளங்கேல்லை," என்று மூக்கைச் சிந்திக்கொண்டு, மகளின் தலையைத் தடவினார். சாருஜாவுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நினைவஞ்சலி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. மருதனார்மடம் சந்தையில் எல்லோரும் வாசித்தார்கள். அயலில் இருக்கிற நாங்களும் வாசித்தோம். "பிள்ளை நல்லாய் எழுதியிருக்கிறாள்" என்று பத்மாவதியிடம் நேரில் போய்ச் சொன்னோம். விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.